மூளைக்கட்டியும் இரத்தத்தின் வழியும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் நாட்டுப் பழமொழி. அச்சிரசினுள் மறைந்து கிடக்கும் மூளையில் தோன்றும் கட்டிகளுள் மிகக் கொடியதொன்று, இரத்தத்தை எங்ஙனம் தன் வயமாக்கிக்கொண்டு வளர்கின்றது என்பது பற்றி ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயில்வோனுக்கு வைத்திய நூலில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். வினா நேரியதே, விடையை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்.

என் பெரியம்மா ஒரு பெண்கள் பாடசாலையில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவர். எனக்கு எழுத்தறிவித்தவரும், இக்கல்லூரியில் இவ்வகுப்பிற் சேரும்படி என்னை ஏவியவரும் அவரே. ஈராண்டுகளுக்கு முன் ஜூன் மாதத்தில் ஒருநாட் காலை, பூட்டிய அலமாரியின் முன் நின்றுகொண்டு, "தம்பி, அந்தத் திறக்கிறது எங்கே?" என்று என்னைக் கேட்டார். திறவுகோல் என்னும் சொல் அவர் நாவிற்கு வரவில்லை. நாங்கள் நகைத்தோம், அவரும் நகைத்தார். அடுத்த வாரத்தில் கரண்டி, நாற்காலி, என் தம்பியின் பெயர் ஆகியவையும் வாராதொழிந்தன. எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இடப்பக்கப் பொட்டிற்கு உட்புறமாக ஒரு கட்டி இருப்பதைக் காட்டி, "இது தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தானே வரவழைத்துக்கொள்ளும் வகை" என்றார். அவ்வொரு வாக்கியத்தின் பொருளை அறியவேண்டியே நான் இத்துறை நூல்களைப் புரட்டத் தொடங்கினேன்.

மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். உடலின் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆயினும், நாம் செலவிடும் பிராணவாயுவில் ஐந்திலொரு பங்கு அதற்கே போகின்றது. நாம் வாளா இருக்குங்கால் இதயம் செலுத்தும் இரத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அதனிடம் செல்கின்றது. இத்துணை உண்டும் அது நாளைக்கென்று ஒன்றும் சேர்த்துவைப்பதில்லை. இரத்தம் சில விநாடி தடைப்பட்டால் மயக்கம் வரும். சில நிமிடம் தடைப்பட்டால் அணுக்கள் மடியத் தொடங்கும். ஆதலின், கழுத்தின் முன்புறமாக இரண்டும் முதுகெலும்பை அடுத்து இரண்டுமாக நான்கு தமனிகள் ஏறிவந்து, மூளையின் அடியில் ஒன்றோடொன்று கூடி ஒரு வளையமாகின்றன. ஒரு வாய்க்கால் அடைபட்டால் மற்றொன்றின் நீர் சுற்றிவந்து பாயும் ஏற்பாடு இது. 1664-ஆம் ஆண்டில் இவ்வளையத்தைத் தெளிவுற விளக்கியவர் ஆங்கில வைத்தியர் தாமஸ் வில்லிஸ். அவர் நூலுக்குப் படம் வரைந்து உதவியவர் கிறிஸ்தோபர் ரென். பிற்காலத்தில் லண்டன் மாநகரின் செயின்ட் பால் பேராலயத்தைச் சமைத்த சிற்பியும் அவரே.

மூளையின் இரத்தக் குழாய்களுக்கு மற்றொரு சிறப்புண்டு. 1885-ஆம் ஆண்டில் பால் ஏர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் விலங்குகளின் இரத்தத்திற் சாயத்தைச் செலுத்தியபோது, உடல் முழுதும் நிறம் ஏறிற்று; மூளை மட்டும் வெளுப்பாகவே நின்றது. மூளைக்கு அச்சாயத்தின்மேல் நாட்டமில்லை போலும் என்று அவர் கருதினார். அவருடைய மாணாக்கர் எட்வின் கோல்ட்மன் 1913-இல் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரிற் செலுத்தினார். இம்முறை மூளை நிறம் பெற்றது, உடல் பெறவில்லை. எனவே நாட்டமின்மை காரணமன்று. இரண்டிற்கும் இடையே ஒரு மதில் உண்டென்பது புலனாயிற்று. மூளையின் தந்துகிகளில் உட்சுவர் அணுக்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருத்தலே அம்மதில். வேண்டியவற்றை மட்டும் வாயிலில் நிறுத்தி ஆராய்ந்து உள்ளே விடும். இம்மதிலை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். பின்னர் இது இடியப்போகின்றது.

மூளைக்கட்டிகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. மூளையைப் போர்த்திருக்கும் சவ்வினின்று எழுவது மெனிஞ்சியோமா. 1922-இல் அமெரிக்க அறுவை வைத்தியர் ஹார்வி குஷிங் அதற்கு இப்பெயரிட்டார். அது பெரும்பாலும் மெல்ல வளர்வது. மூளைக்குச் செல்லும் இரத்தத்தை நாடாமல், மண்டையின் வெளிப்பக்கத்துத் தமனிகளிலிருந்தே மிகுதியும் இரத்தம் பெறுவது. ஆதலின் சில வேளைகளில் அவ்வழியை முன்னரே அடைத்துவிட்டுப் பின்பு கட்டியை எடுப்பர். இதனை இவ்வளவில் விடுகின்றேன்.

நம் பேச்சுக்குரியது கிளையோமா என்னும் இனம். நரம்பணுக்களைத் தாங்கி ஊட்டி நிற்கும் துணையணுக்கள் பிறழ்ந்து பெருகுவதால் உண்டாவது. ஜெர்மானிய அறிஞர் விர்ஷோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் இதற்குப் பெயர் தந்தார். 1926-இல் பெர்சிவல் பெய்லியும் குஷிங்கும் இவ்வினத்தை வகைப்படுத்தியபோது, அவற்றுட் கொடியதற்குக் கிளையோபிளாஸ்டோமா என்னும் பெயர் நிலைத்தது. பெரியம்மாவைப் பற்றியது அதுவே.

இக்கட்டியைக் கத்தியால் வெல்ல முயன்றவர் பலர். 1884-இல் லண்டனில் ரிக்மன் காட்லி என்பவர், உடற்குறிகளைக்கொண்டே இடமறிந்து, மண்டையைத் திறந்து ஒரு கிளையோமாவை எடுத்தார். நோயாளி ஒரு மாத அளவே உயிர் தரித்தார். 1928-இல் வால்டர் டாண்டி மூளையின் வலப்பாதி முழுவதையுமே எடுத்துப் பார்த்தார். அங்ஙனம் செய்தும் நோய் அற்றுப்போகவில்லை. அதே 1928-இல் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் நிபுணர், தம் உடன்பிறந்த தமக்கையார் ரூத்தின் மூளையிற் கிளையோமா இனத்துக் கட்டி இருப்பதைக் கண்டு, தாமே அறுவை செய்தார். எட்டிய அளவெல்லாம் எடுத்தார். எட்டாத எச்சம் இருந்தது. 1931-இல் அவ்வம்மையார் மறைந்தார். உடன்பிறந்தாளின் மூளையைத் தன் கையாலே திறந்தவன் மனம் என்ன பாடுபட்டிருக்குமென்று யான் பன்முறை எண்ணியதுண்டு. இந்தப் பென்ஃபீல்டிடம் மான்ட்ரியால் நகரிற் பயின்ற ஜேக்கப் சாண்டி என்பாரே, 1949-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், இந்நாட்டிலேயே முதலாவதாக நரம்பறுவைத் துறையைத் தொடங்கியவர்.

எச்சம் எங்கே ஒளிந்துகொள்கின்றது? 1930-களில் ஹான்ஸ் யோவாகிம் ஷெரர் என்னும் ஆராய்ச்சியாளர் பூதக்கண்ணாடியின் கீழ் இதற்கு விடை கண்டார். கிளையோமா அணுக்கள் கூட்டமாகத் திரண்டிருப்பதோடு நில்லாமல், மூளையில் முன்னரே உள்ள இரத்தக் குழாய்களின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டும், நரம்பிழைகளைத் தொடர்ந்தும் ஊர்ந்து செல்கின்றன. ஆற்றங்கரையோரமாகவே குடிசை கட்டிக்கொண்டு போகும் மக்களைப் போல என்க. ஆகவே இந்நோய் தொடக்கத்தில் தனக்கென்று புதுக் குழாய் ஒன்றும் வெட்டுவதில்லை. உள்ளவற்றையே பற்றிப் பிழைக்கின்றது.

ஆனால் அணுக்கள் பெருகப் பெருக நெருக்கடி உண்டாகின்றது. தந்துகியினின்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு, மிகுந்தால் இரு பங்கு தூரம் வரையிற்றான் பிராணவாயு பரவிச் செல்லும். அதற்கப்பால் உள்ள அணு மூச்சுத் திணறும். இத்திணறலை அணு எவ்வாறு உணர்கின்றது என்பதைக் கண்டறிந்ததற்காகச் செமன்சா, ராட்கிளிஃப், கேலின் என்னும் மூவருக்கு 2019-ஆம் ஆண்டு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. எல்லா அணுக்களும் ஹிஃப் என்னும் ஒரு புரதத்தை ஓயாது செய்கின்றன. பிராணவாயு போதியதாக இருக்குங்கால் செய்தவுடனே அழித்தும் விடுகின்றன. பிராணவாயு குறைந்தால் அழிவு நிற்கும்; ஹிஃப் திரண்டு, அணுவின் கருவினுட் புகுந்து, பஞ்சகாலத்திற்கு உரிய கட்டளைகளைப் பிறப்பிக்கும். அவற்றுள் ஒன்று, "இரத்தக் குழாய் வருக" என்பது. சில குடும்பங்களில் ஹிஃபை அழிக்கும் கருவியே பிறவியிற் பழுதுபட்டிருக்கும். அவர்களுக்குச் சிறுமூளையிலும் கண்ணின் உட்திரையிலும் இரத்தக் குழாய் மலிந்த கட்டிகள் தோன்றுகின்றன. ஃபான் ஹிப்பெல், லிண்டாவ் என்னும் இருவர் பெயரால் வழங்கும் நோய் இது. ஹிஃபைத் தடுக்கும் பெல்சூடிஃபான் என்னும் மருந்துக்கு 2021-இல் அமெரிக்க அரசு இசைவளித்ததும் இந்நோய்க்கே. காரணம் அறிந்து மருந்து கண்டமைக்கு இஃதொரு நல்ல சான்று.

குழாயை வரவழைக்கும் தூதுப் பொருளின் பெயர் வி.இ.ஜி.எஃப். என்பது. அதன் வரலாறு சுவையுடையது. 1983-இல் செங்கர், டுவோராக் முதலியோர், புற்றுக்கட்டிகள் தந்துகிகளை ஒழுகச் செய்யும் ஒரு பொருளைச் சுரக்கின்றன என்று கண்டனர். 1989-இல் ஃபெராரா முதலியோர், குழாயணுக்களைப் பெருகச் செய்யும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். ஒத்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றேயாயின. ஒரே பொருள் குழாயைக் கிளைக்கவும் செய்கின்றது, ஒழுகவும் செய்கின்றது. உடலின் பிற இடங்களில் இவ்வொழுக்கு ஓரளவு பொறுக்கத்தக்கது. மதில் சூழ்ந்த மூளையில் அங்ஙனமன்று.

முறையாக வெட்டிய வாய்க்காலுக்கு மதகுண்டு, கரையுண்டு, மட்டமுண்டு. இரவிற் களவாகக் கரையை உடைத்து நீர் பாய்ச்சுபவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஒருபால் வெள்ளம், மற்றொருபால் வறட்சி. கட்டி வரவழைத்த குழாய்களும் இத்தகையனவே. வளைந்தும் முறுக்குண்டும், ஓரிடத்திற் புடைத்தும் ஓரிடத்தில் ஒடுங்கியும், உட்சுவர் அணுக்கள் ஒன்றன்மேலொன்று குவிந்து சிறுநீரகத்தின் நுண்முடிச்சுக்களைப் போலத் திரண்டும் கிடக்கின்றன. நோய்க்குறி வல்லுநர் பூதக்கண்ணாடியில் தேடுவது இம்முடிச்சுக்களையே. இவையேனும் இறந்துபட்ட திசுவேனும் உரிய கட்டியிற் காணப்பட்டால், அது நான்காம் படியினது, அஃதாவது கடைப்படியினது, என்று முடிவு செய்வதுண்டு. இரத்தக் குழாயின் வடிவமே நோயின் கடுமையைக் காட்டும் அளவுகோலாயிற்று.

மதில் இடிந்த இடத்தின் வழியே நீர் மூளையினுள் ஒழுகுகின்றது. கபாலமோ விரியாத பெட்டி. உள்ளே ஒன்று பெருகினால் மற்றொன்று ஒதுங்கவேண்டும் என்பதை 1783-இல் மன்றோவும் 1824-இல் கெல்லியும் கூறியுள்ளனர். விடியலில் தலைநோவு, வாந்தி, சொற்குழறல் ஆகியவை பலவும் கட்டியினால் மட்டுமன்றி இந்நீர்வீக்கத்தாலும் வருவன. 1961-இல் கலிசிச், ஃப்ரெஞ்ச் என்னும் இருவர் டெக்ஸாமெதசோன் என்னும் மருந்து இவ்வீக்கத்தை விரைவிற் தணிக்கும் என்று காட்டினர். அதன் வலிமையை நான் கண்ணாரக் கண்டேன். அறுவைக்கு முன் அம்மருந்து கொடுத்த மூன்றாம் நாள் பெரியம்மாவிற்குச் சொற்கள் திரும்பி வந்தன. இக்கல்லூரிக்கு நான் எழுதிவைத்திருந்த விண்ணப்பத்தை வாங்கிப் படித்து, அதில் வல்லொற்று மிகவேண்டிய மூன்றிடங்களைச் சுட்டி, "இதனோடா ஆனர்ஸ் படிக்கப் போகிறாய்?" என்று கடிந்துகொண்டார். கட்டி அப்பொழுதும் அங்கேயே இருந்தது, வடிந்தது நீரே.

இனி, உட்புறத்தில் நிகழ்வதைக் காண்போம். கோணற் குழாய்களில் இரத்தம் உறைந்து அடைபடுகின்றது. அதனைச் சூழ்ந்த பகுதி இறந்துபடுகின்றது. இறந்த இடத்தைச் சுற்றி உயிருள்ள அணுக்கள் வேலிக்கம்பு நட்டாற்போல நெருங்கி நிற்பதைக் காணலாம். தீப்பட்ட கூரையினின்றும் வெளியோடுவாரைப் போல அவை பஞ்சத்தினின்றும் வெளிநோக்கி நகர்கின்றன, நகரும்போதே வி.இ.ஜி.எஃப்.-ஐ மிகுதியாகச் சுரந்து, புதுக் குழாய்களை அழைக்கின்றன. அக்குழாய்களும் கெடுகின்றன, மீண்டும் பஞ்சம், மீண்டும் ஓட்டம். நோய் மெல்ல வளர்ந்த நிலையினின்றும் திடீரெனப் பாய்ந்து பரவுவதற்கு இச்சுழற்சி ஒரு பெருங்காரணம் என்பர்.

அங்ஙனமாயின் குழாயைத் தடுத்தால் கட்டி பட்டினியால் மடியாதோ? இவ்வினாவைத் துணிந்து எழுப்பியவர் ஜூடா ஃபோக்மன் என்னும் அமெரிக்க அறுவை வைத்தியர். 1960-களின் தொடக்கத்தில் அவர் கடற்படை ஆய்வுச்சாலையில், இரத்தத்திற்குப் பதிலாகப் பயன்படும் திரவம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். உடலினின்றும் பிரித்து, அத்திரவத்தால் உயிரோடு வைத்திருந்த கழுத்துச் சுரப்பியிற் புற்றணுக்களை இட்டார். அவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவிற்கு வளர்ந்து அப்படியே நின்றுவிட்டன. இறந்தனவோ எனின், இல்லை. எலியின் உடலில் மாற்றி வைத்தவுடன் பெருகின. பிரித்த சுரப்பியிற் புதுக்குழாய் தோன்றவில்லை, எலியில் தோன்றிற்று, வேற்றுமை அதுவே. பின்னர், முயலின் கண்ணில் உள்ள நீரிற் கட்டித்துணுக்கை மிதக்கவிட்டபோது சிறிதாகவே கிடந்தது. குழாய் நிறைந்த கருவிழித்திரையின் அருகில் வைத்தபோது கண்ணையே நிறைத்தது. 1971-இல் அவர் தம் கொள்கையை வெளியிட்டார். நெடுங்காலம் அதனை ஏற்றவர் சிலரே.

ஆங்கிலேயர் ஆஞ்சியோஜெனிசிஸ் என வழங்கும் இந்நிகழ்ச்சிக்கு நான் முதலில் என் குறிப்பேட்டில் "நாளத்தோற்றம்" என்று எழுதியிருந்தேன். பெரியம்மா அதனைப் பென்சிலால் அடித்து, "நாளக்கிளைப்பு" என்று மாற்றினார். புதிதாகத் தோன்றுகிறதா, உள்ளதிலிருந்து கிளைக்கிறதா என்று என்னை வினவி, கிளைக்கிறது என்று நான் சொன்ன பின்பே மாற்றினார். வைத்திய நூலாரும் பழைய குழாயினின்று முளைவிட்டுக் கிளைப்பதையே முதன்மையாகக் கூறுகின்றனர் என்பதைப் பின்னர்க் கண்டேன்.

1998-இல், நாளக்கிளைப்பைத் தடுக்கும் மருந்துகளால் எலிகளின் கட்டிகள் சுருங்கின என்னும் செய்தி நாளிதழ்களில் வந்தபோது உலகமெங்கும் ஆரவாரம் எழுந்தது. எலிக்குப் புற்றுநோய் வந்தால் எம்மால் நன்கு பேண இயலும் என்ற கருத்துப்பட ஃபோக்மன் தாமே நகையாடினார். ஆரவாரம் செய்தவர்கள் அந்நகையைக் கவனித்திலர். 2004-இல் வி.இ.ஜி.எஃப்.-ஐப் பற்றிச் செயலறச் செய்யும் பெவாசிசுமாப் என்னும் மருந்து பெருங்குடற் புற்றிற்கு அமெரிக்காவில் இசைவு பெற்றது. 2009-இல், திரும்பவந்த கிளையோபிளாஸ்டோமாவிற்கும் பெற்றது.

பெரியம்மாவிற்கு அறுவையும், ஆறு வாரக் கதிர்ச்சிகிச்சையும், டெமோசோலமைடு மாத்திரையும் முறைப்படி நடந்தன. 2005-இல் ஸ்டுப் முதலியோர் 573 நோயாளரிடம் நடத்திய சோதனைக்குப் பின் நிலைத்த முறை இது. கதிர் மட்டும் பெற்றோரின் நடுத்தர வாழ்நாள் 12.1 மாதம், மாத்திரையும் சேரப் பெற்றோருக்கு 14.6 மாதம். மறு ஆண்டு ஏப்ரலில் கட்டி திரும்பிற்று. இரு வாரங்களுக்கு ஒருமுறை பெவாசிசுமாப் செலுத்தினர். ஜூன் மாதப் படத்தில், முன்பு வெண்மையாய் ஒளிர்ந்த வளையம் ஏறத்தாழ மறைந்திருந்தது. எங்கள் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் நடந்தது. யான் விடுமுறைக்குச் சென்று அதிற் கலந்துகொண்டேன். டாக்டர் மட்டும் மகிழ்ச்சியை அடக்கியே பேசினார். அதன் காரணம் அன்று எனக்கு விளங்கவில்லை.

படத்தில் வெண்மையாய்த் தோன்றுவது கட்டியன்று. நாளத்திற் செலுத்திய காடோலினியம், மதில் இடிந்த குழாய்களின் வழியே ஒழுகித் தேங்கிய இடம். மருந்து குழாய்களின் ஒழுக்கை அடைத்துவிட்டால், கட்டி சிறிதும் குறையாவிடினும் வெண்மை மறையும். அறுவையில் எட்டாதொளியும் அணுக்களோ, ஷெரர் கண்டபடி, இடியாத பழைய குழாய்களைப் பற்றிக்கொண்டு ஊர்கின்றன. அவை நடக்கும் வழியில் ஒழுக்கில்லை, ஆதலின் ஒளியுமில்லை. இக்காரணம்பற்றியே 2010-இல் நிபுணர்கள் மதிப்பீட்டு முறையைத் திருத்தி, ஒளிராத சாம்பல் நிழலின் பரப்பையும் கணக்கிற் சேர்க்கவேண்டும் என்றனர்.

2014-இல் வெளிவந்த இரண்டு பெருஞ்சோதனைகள் இதனை எண்களாற் காட்டின. ஒன்றில் 921 பேர், மற்றொன்றில் 637 பேர். யாவரும் புதிதாக நோய் கண்டவர். முதற் சோதனையில், நோய் முற்றாதிருந்த காலம் பெவாசிசுமாப் பெற்றோர்க்கு 10.6 மாதம், பெறாதோர்க்கு 6.2 மாதம். வாழ்நாளோ 16.8 மாதமும் 16.7 மாதமும். இரண்டாவதிலும் வாழ்நாள் நீளவில்லை. நோய் திரும்பியவர்களைக் கொண்டு 2017-இல் வெளிவந்த சோதனையின் முடிபும் இத்தகையதே. ஆயினும் இம்மருந்து வீண் என்று சொல்ல என் மனம் ஒருப்படவில்லை. ஒழுக்கு அடங்கியதால் டெக்ஸாமெதசோனைக் குறைக்க முடிந்தது. ஊதியிருந்த முகம் பழைய முகமாயிற்று. என் குறிப்பேட்டை அவர் திருத்தியது அந்த ஆறு வாரங்களிலேதான். இந்தியாவிற் பிறந்து கான்பூரிற் பயின்ற ராகேஷ் ஜெயின் என்னும் அறிஞர், குழாய்களை முற்றும் அழிப்பதைவிடச் செப்பனிட்டுவைத்தால் பிற மருந்துகளும் பிராணவாயுவும் உட்சென்று பயன்தரும் என்று 2001-இல் எழுதினார். அவ்வழியில் ஆராய்ச்சி நடந்துவருகின்றது. செப்பனிட்ட நிலை நெடுநாள் நில்லாமையே இடர்ப்பாடு.

செப்டம்பரில் அவர் மீண்டும் சொற்களை இழந்தார். அக்டோபரில் மறைந்தார். கடைசிப் படத்தை டாக்டர் என் தந்தையாரிடம் விளக்கியபோது யானும் உடனிருந்தேன். பழைய இடத்தில் வெண்மை மிகச் சிறிதே இருந்தது. சாம்பல் நிழலோ, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் வழியாக, வலப்பக்கத்தை அடைந்திருந்தது.